சந்திப்பு நிலையப் புணரியல்: நிலைவண்டியும் வருவண்டியும்

ரயில் நிலையப் பலகையில் ஊர்ப்பெயருக்குப் பின்னால் 'சந்திப்பு' என்று எழுதியிருப்பதைப் படிக்காதவர் இல்லை. அந்தச் சொல்லுக்குள் 'சந்தி' என்னும் இலக்கணம் காலை நீட்டிப் படுத்திருப்பதை மட்டும் யாரும் பார்க்கவில்லை. நிலைமொழியின் ஈறும் வருமொழியின் முதலும் கூடுவது புணர்ச்சி. ஒரு வண்டியின் கடைசிப் பெட்டியிலிருந்து இறங்கியவர் இன்னொரு வண்டியின் முதல் பெட்டியை நோக்கி மூட்டை முடிச்சுடன் ஓடுவதும் அதுவே. (இந்நுட்பம் முன்னரே சுட்டப்பட்டுள்ளது: நடைமேடை 3, ஏழாம் தூண், கரியெழுத்து.) ஆகவே நம்மைக் கொண்டுவந்து இறக்குவது நிலைவண்டி, நாம் பிடிக்க வேண்டியது வருவண்டி. வருவண்டி பெரும்பாலும் போகிற வண்டியாகவே காணப்படுவது கலைச்சொல்லின் குற்றமன்று.

கள ஆய்வு நடந்த நிலையத்தின் பெயரை ஆய்வு நெறி கருதி மறைத்துள்ளேன். மஞ்சள் பலகை, கறுப்பு எழுத்து என்ற குறிப்பே நுண்ணறிவினருக்குப் போதும்.

முதலில் வரலாறு. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் வண்டி 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோட்டுக்குப் போனது. போகவும் வரவும் ஒரே பாதை. இணைப்பு வண்டி என்ற ஒன்றே இல்லாததால் அதைத் தவறவிட்டவர் ஒருவரும் இல்லை. பொற்காலம் என்றால் அது. இன்று விழுப்புரத்திலோ சென்னை, திருச்சி (விருத்தாசலம் வழி), மயிலாடுதுறை, காட்பாடி, புதுச்சேரி என ஐந்து திசையிலிருந்து பாதைகள் கூடுகின்றன. ஐந்து என்றதும் ஐந்திணை என்று எழுதக் கை பரபரத்தது, அடக்கிக்கொண்டேன். அடக்கிக்கொள்ளாதவர்கள் முனைவர் பட்டம் வாங்கியிருக்கிறார்கள்.

இனி வகைகள்.

இயல்புப் புணர்ச்சி: இரு வண்டிகளும் அட்டவணையில் அச்சிட்டபடி வந்து, அச்சிட்ட நடைமேடையிலேயே நின்று, பயணி நடந்து போய் ஏறுவது. எடுத்துக்காட்டு கிடைத்ததும் சேர்க்கப்படும்.

வேற்றுமைப் புணர்ச்சி: இருப்புப் பாதையின் அகலம் வேறுபடுவதால் வருவது. காட்பாடியில் 1676 மில்லிமீட்டர் அகலப் பாதையும் விழுப்புரம் போகும் 1000 மில்லிமீட்டர் மீட்டர்கேஜும் ஒரு காலத்தில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. ஒன்றின் வண்டி மற்றொன்றில் ஏறாது. இடையிலிருந்த 676 மில்லிமீட்டரைப் பயணி தன் தலைச்சுமையால் நிரப்பினார். பாதையை அகலப்படுத்திய பின் இவ்வகை வழக்கொழிந்தது.

அல்வழிப் புணர்ச்சி: வழி இல்லை. காத்திருப்போர் அறை.

எஞ்சியது விகாரப் புணர்ச்சி. இது தோன்றல், திரிதல், கெடுதல் என மூவகைப்படும் என்பதை நன்னூல் படித்தோர் அறிவர். ரயிலில் போனோர் நன்னூல் படிக்காமலே அறிவர்.

தோன்றலுக்குச் சிறந்த சான்று சென்னை சென்ட்ரலில் உள்ளது. இரண்டாம் நடைமேடைக்கும் மூன்றாம் நடைமேடைக்கும் நடுவே '2ஏ' என்று ஒன்று தோன்றியிருக்கிறது. இரண்டு உயிர்கள் முட்டிக்கொள்ளும்போது நடுவில் ஓர் உடம்படுமெய் வந்து நிற்பதை இது ஒக்கும். ஆயினும் உண்மையான உடம்படுமெய் நடைமேம்பாலமே என்பது என் துணிபு. 'உடம்பு படும் மெய்' என்று பிரித்தால் பொருள் தானே விளங்கும். நகரும் படிக்கட்டு வந்த பின் மேலே ஏறும்போது உடம்பு படுவதில்லை. இறங்கும் பக்கம் அது இல்லாத நிலையங்களில் மிச்சப் பாட்டை இறங்கும்போது படலாம்.

அளபெடையையும் சொல்லிவிடலாம். நிலையம் கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் அவுட்டரில் வண்டி நிற்பது அளபெடை. நெட்டெழுத்து இரண்டு மாத்திரை, அளபெடை மூன்று. அவுட்டருக்கு மாத்திரை கணக்கில்லை. தலைவலி மாத்திரை உண்டு.

திரிதலாவது நடைமேடை எண் மாறுவது. "பயணிகளின் கனிவான கவனத்திற்கு" என்று அறிவிப்பு தொடங்குகிறது. பிறகு வண்டி எண் இலக்கம் இலக்கமாக. பிறகு புறப்பட்ட ஊர், போகும் ஊர், வழி. தமிழில் முக்கியமானது வாக்கியத்தின் கடைசியில் வரும் என்பதால் நடைமேடை எண்ணும் கடைசியில்தான் வருகிறது. சரியாக அந்த எண்ணின்மீது சரக்கு வண்டி ஒன்று கடந்து போவது தொல்மரபு (வாய்மொழி: சமோசா விற்பவர், ஓடும் வண்டியின் படியிலிருந்து, கூற்றின் பிற்பகுதி காற்றில் சிதைந்தது. 'ஐந்து' என்றும் 'அஞ்சாதே' என்றும் பாடபேதம்).

இங்கே மேம்பாட்டுப் பணிகளைக் குறிப்பிடாவிட்டால் ஆய்வு குறையுடையதாகும். அம்ரித் பாரத் திட்டத்தில் 2023 ஆகஸ்ட் 6 அன்று நாடெங்கும் 508 நிலையங்களுக்கு அடிக்கல் நாட்டப்பட்டது, தமிழ்நாட்டில் 18. முகப்பு, லிஃப்ட், மின்பலகை எல்லாம் வரும். உயர்மட்ட நடைமேடை தண்டவாளத்துக்கு மேல் 760 முதல் 840 மில்லிமீட்டர் வரை இருக்க வேண்டும் என்பது விதி. பாட்டிமார் இனிப் பெட்டிக்குள் மலையேற வேண்டாம், நல்லது. நீளத்தில் ஹூப்ளி நடைமேடை 1507 மீட்டர், 2023-இல் திறந்தது. வண்டியைத் தவறவிட இதைவிட விசாலமான இடம் உலகில் வேறில்லை. உயரத்துக்கும் நீளத்துக்கும் விதி கண்டவர்கள், நிலைவண்டிக்கும் வருவண்டிக்கும் இடைப்பட்ட ஏழு நிமிடத்துக்கு மட்டும் ஓர் அடிக்கல்லும் நாட்டவில்லை.

இறுதியாகக் கெடுதல். இதற்காகவே இக்கட்டுரை எழுதப்பட்டது. பாலத்தின் கடைசிப் படியில் கால் வைக்கும்போது வருவண்டி நகர்கிறது. பயணி காண்பது அதன் கடைசிப் பெட்டியின் முதுகை. முதுகில் ஆளுயர எக்ஸ் குறி. வண்டி வழியில் பெட்டி எதையும் கழற்றி விடாமல் முழுதாக வந்திருக்கிறது என்று நிலைய ஊழியர் அறிவதற்கான அடையாளம் இது, 'எல்.வி.' பலகையும் இரவில் சிவப்பு விளக்கும் துணை. இது ரயில்வே தரும் விளக்கம். எளிமையாக இருப்பதால் ஆய்வுலகம் இதை ஏற்க இயலாது.

ஒரு சாரார், அட்டவணையை நம்பியவரின் விடைத்தாளில் போட்ட தவறுக் குறி என்பர். மற்றொரு சாரார் பெருக்கல் குறி என்பர்: காத்திருக்கும் நேரம் பெருகும் என்க. இரண்டும் பொருந்தா. தமிழி எழுத்தில் ககரம் கூட்டல் குறி வடிவினது. ஓடும் வண்டியின் ஆட்டத்தில் கூட்டல் குறி சற்றே சாய்ந்தால் எக்ஸ். ஆகவே அது 'க'. 'கடைசி' என்னும் சொல்லின் முதலெழுத்தும் 'க'. ஆகவே எல்.வி. பலகை வெறும் பிற்கால மொழிபெயர்ப்பு. பழைய எண்முறையில் ககரம் ஒன்றையும் குறிக்கும். பயணி தவறவிட்டது ஒரே நிமிடத்தில் என்பதோடு இது அப்படியே பொருந்துகிறது. (நடைமேடை 5, கிழக்குக் கோடி சிமெண்ட் பெஞ்சு, சாய்மானத்தின் பின்புறம், சாவியால் கீறியது. அம்பு தைத்த இதயத்துக்குள் 'க' + ஒரு பெயர். பெயர் பின்னாளில் வேறு கையால் சுரண்டப்பட்டுள்ளது. கீழே உள்ள அலைபேசி எண் இடைச்செருகல். பச்சைப் பெயிண்ட் அடுக்குக்கு முந்தியது, நீல அடுக்குக்குப் பிந்தியது.) ஒரு பானை ஓட்டில் இரண்டு கீறல் கிடைத்தால் மூன்று கருத்தரங்கு நடத்துகிறோம். நாளுக்கு இத்தனை முறை கண்ணெதிரே ஓடிப்போகும் இக்கல்வெட்டுக்கு இதுவரை ஒரு மசிப்படி எடுத்தவர் இல்லை. எடுக்க முயன்றேன், எட்டவில்லை.

இம்முடிவுக்கு ஒரு மறுப்பும் வந்தது. எக்ஸ் என்பது ரோமானியப் பத்து, யவனர் வணிகத் தொடர்பின் எச்சம், அடுத்த வண்டி பத்து மணிக்கு என்பதையே அது தெரிவிக்கிறது என்று ஒரு பேராசிரியர் பன்னிரண்டு பக்கத்துக்கு எழுதியிருந்தார். பதிலுக்கு இருபது பக்கம் எழுதி முடித்து உறையில் போட்டு ஒட்டியும் விட்டேன். அவர் எங்கும் காரில்தான் போவார் என்று பிறகு தெரிந்தது. உறையைத் திரும்பப் பிரித்து, பின்பக்கங்களில் புதுச்சேரி வண்டிகளின் நேரத்தைக் குறித்து வைத்திருக்கிறேன்.