தீர்த்தவாரிக்கு மணல் கோரும் விண்ணப்பம்

பெறுநர்: புதுச்சேரி அரசின் சுற்றுலாத் துறை
நகல்: துறைமுகத் துறை

ஐயா,

கடலைத் தேடி இந்த ஊருக்கு வருகிறவர்களில் மிகப் பழைய விருந்தாளிகள் தங்கள் கணக்கில் வருவதில்லை. அவர்கள் அறை எடுப்பதில்லை, பீர் கேட்பதில்லை, மஞ்சள் சுவர் முன்னால் நின்று படம் பிடித்துக்கொள்வதுமில்லை. மாசி மகத்தன்று மயிலத்து முருகன், தீவனூர்ப் பிள்ளையார், திண்டிவனத்துப் பெருமாள் என்று ஊர் ஊராகச் சாமிகள் வைத்திக்குப்பத்துக்கு எழுந்தருளி, தீர்த்தவாரி முடித்துத் திரும்பிவிடுகிறார்கள். மயிலத்திலிருந்து மட்டும் சுமார் 30 கி.மீ. பிரெஞ்சுக்காரர் போன பிறகும் அவர்கள் வைத்த தெருப்பெயர்களைப் பொத்திப் பாதுகாக்கும் அரசிடம் இந்த விருந்தாளிகள் எதிர்பார்ப்பது இறங்கிக் குளிக்கக் கொஞ்சம் மணல்.

கடல் அரிப்பு இயற்கையின் சீற்றம் என்பீர்கள். 2004 சுனாமியையும் 2011 தானே புயலையும் சாட்சிக்கு அழைப்பீர்கள். ஆனால் புயல் வாரிக்கொண்டு போகும் மணலில் பெரும்பகுதியை அலையே மெல்லத் திருப்பிக் கொடுத்துவிடும். ஆண்டின் பெரும்பகுதி இந்தக் கரையில் மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்துகொண்டிருக்கும். 1980களின் பிற்பகுதியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் துறைமுகத்துக்காக அலைதடுப்புச் சுவர்கள் எழுந்தன. தெற்கே மணல் குவிந்தது, வடக்கே கரை தேய்ந்தது. தேய்ந்த இடத்தில் கருங்கல் கொட்டினீர்கள். கல் அந்த இடத்தைக் காத்துவிட்டு அரிப்பை அடுத்த குப்பத்துக்குத் தள்ளியது. குருசுக்குப்பம், வைத்திக்குப்பம் என்று நகர்ந்து, தமிழ்நாட்டுக் கோட்டக்குப்பம் வரை போய்விட்டது. மாநில எல்லையை அலை மதிப்பதில்லை, டெண்டர்தான் மதிக்கிறது.

மணலை மீட்டுவிட்டோமே என்று தாங்கள் சொல்லக்கூடும். 2018–19 வாக்கில் தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலுக்குள் இறக்கிய ஆப்பு வடிவத் திட்டு பலன் தந்தது உண்மை. முதல் மணல் தலைமைச் செயலக வாசலில் சேர்ந்ததைப் பார்த்தால் கடலுக்கும் அரசு நெறிமுறை தெரிந்திருக்கிறது! ஆனால் திட்டு வருகிற மணலைப் பிடித்துவைக்குமே தவிர உண்டாக்காது. வரவேண்டியது துறைமுக வாயிலில் அடைபட்டுக் கிடக்கிறது. அதைத் தூர்வாரிக் குழாய் வழியே வடக்கே தள்ளிக்கொண்டே இருப்பதுதான் வழி. அது ஆண்டுதோறும் செலவு வைக்கும் என்பது சரியான மறுப்பு. கல்லுக்கோ ஒருமுறைச் செலவுதான் என்பார்கள். அப்படியானால் ஏன் மறுபடி மறுபடி கொட்டுகிறோம்? ஒரு நாள் திருவிழாவுக்கு இத்தனையா என்றும் கேட்கலாம். சாமிகள் ஒரு நாளோடு போய்விடுவார்கள். படகை ஏற்றி நிறுத்தவும் வலையை விரித்துச் சீர்பார்க்கவும் மற்ற நாளெல்லாம் மீனவர்களுக்கு அதே மணல்தான் வேண்டும். வார இறுதியில் பெங்களூரிலிருந்து வருகிறவர்களும் கருங்கல்லில் காலை நீட்டிப் படுக்க வரவில்லை. அவர்களாவது தங்கள் கணக்கில் இருக்கிறார்கள்.

ஆகவே, ஆண்டுதோறும் எத்தனை லட்சம் பயணிகள் வந்தார்கள் என்று வெளியிடும் அறிக்கையில், துறைமுக வாயிலிலிருந்து வடக்கே எத்தனை கன மீட்டர் மணல் அனுப்பப்பட்டது என்றும் ஒரு வரி சேர்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். அந்த எண் பூஜ்யமாக இருந்தால் கொட்டை எழுத்தில் அச்சிடவும்.

இப்படிக்கு,
மாசி மகக் கூட்டத்தில் ஒருவன்