புளியங்குடி கீசர்களின் பிழைக்குறிகள்: ஓர் ஆய்வு முன்னுரை

வெந்நீர் ஹீட்டரின் பிழைக்குறி இலக்கியம் இன்றுவரை ஜப்பானியர் கையில்தான் இருக்கிறது. நகோயாவின் ரின்னாய் நிறுவனத்து கேஸ் ஹீட்டர் 11 என்று காட்டினால் நெருப்புப் பற்றவில்லை. 12 என்றால் பற்றியது அணைந்துவிட்டது. 'எல்சி' என்றால் உள்ளே உப்பு படிந்திருக்கிறது. ஏட்டைப் புரட்டினால் வேலை முடிந்தது. இதில் ஆய்வாளனுக்குப் பிழைப்பு ஏது?

புளியங்குடிக் குளியலறையில் தொங்கும் 15 லிட்டர், 2,000 வாட் கீசர் அப்படி எதையும் வாய்விட்டுச் சொல்லாது. ஒரு சிவப்பு விளக்கு, அவ்வளவுதான். ஆகவே பிழைக்குறியை வெளியிடும் பொறுப்பை வீட்டாரே ஏற்றுள்ளனர்.

"லைட்டு எரியுது, தண்ணி பச்சத்தண்ணியாத்தான் வருது" என்பது தலையாய குறி. கரண்ட் வருகிறது, காயில் அறுந்திருக்கிறது என்பது பொருள். ஆனால் சுவிட்சைப் போட்ட ஐந்தாம் நிமிடமே இதைக் கூவுவோரின் சான்றை ஏற்பதற்கில்லை. 15 லிட்டரை 30 டிகிரி ஏற்ற, கணக்குப்படி 16 நிமிடமாவது ஆகும். அதுவரை பிழை துண்டு கட்டி நிற்பவரிடம்தான்.

"லைட்டே எரியல" என்பது பாடபேதம் மிகுந்தது. தண்ணீர் சுட்டு தெர்மோஸ்டாட் அணைத்திருக்கலாம். அது பிழையே அன்று. அளவு மீறிச் சுட்டு கட்-அவுட் விழுந்திருக்கலாம். பிளக் கருகியிருக்கலாம். பல்பு மட்டும் போயிருக்கலாம். "குழாயத் தொட்டா விறுவிறுங்குது" என்பதற்கு மட்டும் உரை தேவையில்லை. மெயினை அணைத்து எலக்ட்ரீஷியனைக் கூப்பிட வேண்டும். ஆய்வைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

எலக்ட்ரீஷியன்கள் பெரும்பாலும் அத்வைதிகள். எந்தக் குறியைச் சொன்னாலும், "காயில் போச்சு, அண்ணாச்சி" என்ற ஒரே பரம்பொருளில் கொண்டுபோய் முடிப்பார்கள். பாதி உண்மைதான். காயில் ஏன் போயிற்று என்று கேட்பதில்தான் துவைதம் தொடங்குகிறது. போர் தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியம் பைகார்பனேட், சூடானதும் கார்பனேட்டாகிக் காயில்மேல் ஓடு கட்டுகிறது. சூடு தண்ணீருக்குள் இறங்க வழியின்றிக் காயிலுக்குள்ளேயே ஏறுகிறது. ஒருநாள் அதன் உறை வெடிக்கிறது. அதற்கு முன்பே தொட்டிக்குள் கடகடவென்று சத்தம் கேட்டிருக்கும். அதை யாரும் குறியாக மதிப்பதில்லை என்பதே இத்துறையின் பெருங்குறை.

படிந்த ஓட்டைக் கரைப்பது சிட்ரிக் அமிலம். இங்கேதான் ஆய்வுக்களத்தின் பொருத்தம் விளங்கும். புளியங்குடி, 2025-இல் தன் எலுமிச்சைக்குப் புவிசார் குறியீடே வாங்கிய ஊர். கழற்றிய காயிலை எலுமிச்சைச் சாற்றில் ஊறப்போட்டால் நுரைத்துக்கொண்டு ஓடு கழலும். ஒரு பழத்தில் சுமார் ஒரு கிராம் அமிலம் என்று கொண்டால், ஒரு காயிலுக்கு ஏறத்தாழ நூறு பழம் ஆகும். மளிகைக் கடையில் சிட்ரிக் அமிலப் பொடி 100 கிராம் பொட்டலமாகவே கிடைக்குமே என்பார் உளர். மண்ணின் மாண்பறியாதார் அவர்.

கட்டுப்படியாகுமா என்பதே வலுவான மறுப்பு. கோடையில் ஆகாதுதான், பழம் விலை உச்சத்தில் நிற்கும்போது புதுக் காயிலே மலிவு. ஆனால் கோடையில் கீசர் போடுவார் யார்? மழைக்காலத்தில் வெந்நீர் தேடி கீசர்கள் கடகடக்கத் தொடங்கும்போது, மார்க்கெட்டில் பழம் கேட்பாரற்றுக் கிடக்கிறது.