மீனம்பாக்கம் டு பரந்தூர், வழி: பூந்தமல்லி

சென்னைக்கு ஒரு விமான நிலையம் போதாதாம். பரந்தூரும் வரும், மீனம்பாக்கமும் இருக்கும், இரண்டும் சேர்ந்தே இயங்கும் என்கிறார்கள். நல்லது. தூத்துக்குடியிலிருந்து மீனம்பாக்கத்தில் வந்திறங்கும் ஒருவர் பரந்தூரில் துபாய் விமானம் பிடிக்க வேண்டுமானால், இடையில் நெடுந்தூரம். அதன் நடுவில்தான் நாங்கள் குடியிருக்கிறோம். எங்களையும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

கத்திப்பாரா, போரூர், குமணன்சாவடி, நசரத்பேட்டை, இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம். வரைபடத்தில் ஒரே கோடு. மாலை ஆறரைக்குக் குமணன்சாவடியில் நின்று பாருங்கள். மெட்ரோ தூணுக்கு இந்தப் பக்கம் கம்பெனி பஸ், அந்தப் பக்கம் கன்டெய்னர் லாரி, இரண்டுக்கும் நடுவே மூக்கை நுழைத்த ஷேர் ஆட்டோ, பின்னால் வாய் வலிக்கக் கத்தியும் அங்குலம் நகராத ஆம்புலன்ஸ். பெங்களூருக்கு விமானம் பறப்பது ஒரு மணி நேரம். அதைப் பிடிக்க அதே பெங்களூர் சாலையில் அதைவிட அதிக நேரம் ஊர வேண்டும், சுங்கமும் கட்டிவிட்டு. பேசாமல் பஸ்ஸிலேயே உட்கார்ந்திருந்தால் ராணிப்பேட்டையில் டீ குடித்திருக்கலாம்.

மெட்ரோ வருகிறதே என்பார்கள். பூந்தமல்லியிலிருந்து பரந்தூருக்கு 52.94 கிலோமீட்டர், மதிப்பீடு 15,906 கோடி ரூபாய். முதலில் போடப்போவது சுங்குவார்சத்திரம் வரைதான். பெட்டியோடு பாதி வழியில் இறங்கிக்கொள்ள வேண்டியது. முழுசாக வந்தாலும், மீனம்பாக்கத்தில் ஏறியவர் ஆலந்தூரில் மாறி, வழியில் மறுபடி மாறித்தான் பூந்தமல்லி வர வேண்டும்.

ஒரே ஊருக்கு இரண்டு விமான நிலையம் என்பதைக் கனடாவின் மொன்றியல் நகரம் செய்து பார்த்துவிட்டது. விவசாயிகளை வெளியேற்றிவிட்டு 1975இல் மிராபெல் நிலையத்தைத் திறந்தார்கள். பழைய டோர்வால் நிலையமும் ஓடியது. இரண்டையும் இணைப்பதாகச் சொன்ன ரயில் வரவே இல்லை. 2004இல் பயணிகள் விமானம் நின்றது, 2014இல் கட்டடத்தை இடித்தார்கள். நம் ஆட்கள் வெளிநாட்டுப் பயணம் போகிறார்களே, இதையெல்லாம் பார்க்க மாட்டார்களா?

பரந்தூருக்கும் மீனம்பாக்கத்துக்கும் இடையே தாமதமில்லாத நேரடிச் சேவை ஒன்று ஏற்கெனவே உண்டு. தண்ணீர். பரந்தூர் திட்ட நிலத்தின் ஊடே போகும் கம்பன் கால்வாய், ஏரி ஏரியாக நிரப்பிக்கொண்டு ஸ்ரீபெரும்புதூர் ஏரிக்கு வருகிறது. அந்தப் பக்கத்து உபரி செம்பரம்பாக்கத்துக்கு. செம்பரம்பாக்கத்தைத் திறந்தால் அடையாறு. அடையாறு போவது மீனம்பாக்கத்தின் ஓடுபாதைக்கு அடியில். 2015 டிசம்பரில் அந்த ஓடுபாதை வெள்ளத்தில் கிடந்து, விமான நிலையம் நாள்கணக்கில் மூடப்பட்டது. அதன் பிறகும் ஏரிகளின் மேலேயே அடுத்ததைக் கட்ட இடம் பார்த்த மூளைக்கு எந்த விருது கொடுத்தாலும் தகும்.

பரந்தூர் திட்டத்துக்கு நிலம் இழக்கவிருக்கும் ஏகனாபுரத்து மக்கள் 2022லிருந்து இதைச் சொல்கிறார்கள். பகலில் வயல் வேலை, இரவில் போராட்டம். கிராம சபையில் திரும்பத் திரும்பத் தீர்மானம். 2024 மக்களவைத் தேர்தலையே புறக்கணித்தார்கள். பதிலாக வந்தது, 2025 ஏப்ரலில் ஒன்றிய அரசின் கொள்கையளவிலான ஒப்புதல்.

அடையாற்றங்கரையில் இருக்கும் மணப்பாக்கம், ஜாபர்கான்பேட்டை, சைதாப்பேட்டைக்காரர்களே, இது யாரோ ஒரு கிராமத்தின் நிலப் பிரச்சினை என்று இருந்துவிடாதீர்கள். அந்தக் கால்வாயை எந்தப் பக்கம் திருப்பப் போகிறீர்கள் என்று இப்போதே எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.