கம்ப்ரஸ் கண்ணாயிரம்

ஊருக்கு நாலு பேராவது இப்படி இருக்கிறார்கள். சொந்தப் பெயர் ஆளுக்கொன்று. வசதிக்காக எல்லோரையும் சேர்த்துக் கண்ணாயிரம் என்று வைத்துக்கொள்வோம். பஸ் ஸ்டாண்டு பக்கத்து காம்ப்ளெக்ஸில் மாடிப்படி ஏறி, செருப்பைக் கழற்றிவிட்டுக் கண்ணாடிக் கதவைத் தள்ளினால், இரண்டு மானிட்டர்களுக்கு முன்னால் உட்கார்ந்திருப்பார். கடைகளுக்கு வெப்சைட் செய்து கொடுப்பது தொழில். ஜவுளிக்கடை, நகைக்கடை, கல்யாண மண்டபம், பல் ஆஸ்பத்திரி என்று எதையும் விடுவதில்லை. பக்கங்களை அமைக்க அவருக்கு மூன்று நாள் போதும். படங்களை ஏற்றத்தான் மூன்று வாரம்.

திரையில் ஒரே படம் இரண்டு பாதியாகத் தெரியும். இடப்பக்கம் ஒரிஜினல், வலப்பக்கம் சுருக்கியது, நடுவில் ஒரு கோடு. கோட்டை மவுஸால் பிடித்து இங்கும் அங்கும் இழுத்துக்கொண்டே இருப்பார். ஓரத்தில் குவாலிட்டி என்று ஒரு ஸ்லைடர், பூஜ்யத்திலிருந்து நூறு வரை. 82இல் வைப்பார். கண்ணை இடுக்குவார். 79க்கு இறக்குவார். நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து கதவு வரை போய் அங்கிருந்து பார்ப்பார். திரும்பி வந்து 81 வைப்பார். டீ கொண்டுவந்த பையனை நிறுத்தி, "டேய், ரெண்டுல எது நல்லாருக்கு?" என்பார்.

"ரெண்டும் ஒண்ணுதானேண்ணே."

"கொஞ்சம் கிட்ட வந்து பாருடா."

"டீ ஆறிடும்ணே."

பையனுக்குக் கண்ணில் கோளாறு இல்லை. அந்த வித்தியாசம் தெரிய 400 சதவீதம் ஜூம் வேண்டும், அவ்வளவுதான்.

82க்கு ஒரு சரித்திரம் உண்டு. வேர்ட்பிரஸ் 2016இல் தன் 4.5 பதிப்பில், ஏற்றப்படும் ஜேபெக் படங்களிலிருந்து தான் செய்துகொள்ளும் சிறு பிரதிகளின் தரத்தை 90இலிருந்து 82க்கு இறக்கியது. படம் பார்க்க அப்படியே இருக்கும், எடை மட்டும் குறையும் என்பது அவர்கள் கணக்கு. உலகத்து வெப்சைட்டுகளில் பெரும்பங்கு ஓடுவது வேர்ட்பிரஸில்தான். அத்தனை பேரும் 82ஐ ஏற்றுக்கொண்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள். கண்ணாயிரம் போகவில்லை. கோயிலில் அர்ச்சனை செய்துவிட்டு வரும் வழியில் ஜோசியரையும் ஒரு வார்த்தை கேட்டுவிடுகிறவர் மாதிரி, 82ஐக் கும்பிட்டுக்கொண்டே 79 பக்கமும் ஒரு கண் வைத்திருப்பார்.

இத்தனைக்கும் அந்த எண் சதவீதமும் இல்லை, பரீட்சை மார்க்கும் இல்லை. நூறில் வைத்தாலும் ஜேபெக் கொஞ்சம் இழந்தே தீரும். ஒரு மென்பொருளின் 80 இன்னொன்றின் 80 ஆகாது. போட்டோஷாப்பில் சேவ் ஆஸ் போட்டால் அளவுகோலே 12இல் முடிந்துவிடும். வெப்-பி என்ற பட வடிவத்துக்கு ஒரு கணக்கு, ஏவிஐஎஃப் என்ற வடிவத்துக்கு வேறு கணக்கு. இதெல்லாம் அவருக்கு நம்மைவிட நன்றாகவே தெரியும். தெரிந்துகொண்டேதான் 82க்கும் 79க்கும் நடுவில் ராத்தூக்கத்தைத் தொலைக்கிறார்.

தொழில் அவர் கண்ணைக் கெடுத்துவிட்டது என்பது வீட்டார் கட்சி. ஜேபெக் ஒரு படத்தை எட்டுக்கு எட்டுப் புள்ளிகள் கொண்ட கட்டங்களாக வெட்டி, ஒவ்வொரு கட்டத்திலும் கண் லேசில் கவனிக்காத நுணுக்கங்களைக் கழித்துவிடுகிறது. அளவோடு கழித்தால் யாருக்கும் தெரியாது. அதிகம் கழித்தால் கட்டம் வெளியே வந்துவிடும். முடியோரத்திலும் எழுத்தோரத்திலும் கொசு மொய்த்த மாதிரி புள்ளிகள் எழும்பும். நாம் படத்தைப் பார்க்கிற இடத்தில் இவர் கொசுவைப் பார்ப்பார். போன மாதம் தெருமுனையில் ஒரு கண்ணீர் அஞ்சலி ஃபிளெக்ஸ் முன்னால் வெகுநேரம் நின்று தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். இறந்தவரின் மகன் வந்து, "அப்பாவோட வேலை பார்த்தவருங்களா?" என்று கையைப் பிடித்துக்கொண்டார். இறந்தவர் யாரென்றே இவருக்குத் தெரியாது. வாட்ஸ்அப் டிபியை எடுத்துப் பத்தடிக்குப் பெரிதாக்கியிருந்ததில் காதோரம் சிதறிப் போயிருந்த துக்கம் அது.

கல்யாண வீட்டுப் பந்தியில் இவருக்குப் பக்கத்து இலை கிடைத்தால் ரசம் வருவதற்குள் 1974க்குப் போய்விடலாம். இந்தக் கட்டம் கட்டமான கழித்தலுக்கு அடிப்படையான கணக்கை வகுத்தவர் பெங்களூரில் பிறந்து அமெரிக்காவில் பேராசிரியராக இருந்த நாசிர் அகமது. 1972இல் அதை ஆராய்ச்சி செய்ய அமெரிக்கத் தேசிய அறிவியல் அறக்கட்டளையிடம் பணம் கேட்டார். மிக எளிமையான யோசனை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். 1974 ஜனவரியில் அகமது, நடராஜன், ராவ் மூவர் பெயரில் கட்டுரை வெளிவந்தது. 1992இல் வந்த ஜேபெக் தரநிலை அதன்மேல்தான் நிற்கிறது. "நடராஜன்! பேரைக் கவனிச்சீங்களா?" என்று நம் தொடையில் ஒரு தட்டு தட்டுவார். அப்பளம் நொறுங்கும்.

எதிர்வீட்டுப் பெண் வங்கித் தேர்வுக்கு விண்ணப்பித்த கதை தெருவில் பிரசித்தம். ஐபிபிஎஸ் விண்ணப்பத்தில் போட்டோ 20 கேபிக்குக் குறையக் கூடாது, 50 கேபிக்கு மேல் போகக் கூடாது. கையெழுத்து 10 முதல் 20 கேபி. கடைசி நாள் சாயங்காலம். படம் 54 கேபி. அம்மாவும் மகளும் கண்ணாயிரத்திடம் ஓடி வந்தார்கள்.

"உக்காருங்கக்கா, ரெண்டு நிமிஷம்" என்று ஆரம்பித்தார். 70க்கு இறக்கினால் 49 கேபி வருகிறது. ஆனால் மூக்குத்திக் கல் மங்குகிறது. 74 வைத்தால் கல் ஜொலிக்கிறது, 51 கேபி ஆகிறது. பின்னணி நீலத்தை லேசாக மழுப்பிப் பார்த்தார். வெப்-பியில் போட்டால் 31 கேபிதான் வரும், பாவிகள் ஜேபெக் மட்டும்தான் வாங்குவேன் என்கிறார்கள் என்று வங்கித் துறையைத் திட்டினார்.

"தம்பி, மூக்குத்தி கிடக்கட்டும்ப்பா. வங்கிக்காரன் மூக்குத்தியவா பாக்கப் போறான்? ஃபைல் போனாப் போதும்" என்றார் அம்மா.

"இல்லக்கா, இது ரெக்கார்டுல காலத்துக்கும் நிக்கும்."

மகள் ஒன்றும் பேசாமல் செருப்பை மாட்டிக்கொண்டு கீழே பிரவுசிங் சென்டருக்குப் போனாள். அங்கிருந்த பையன் படத்தின் அகலத்தைக் குறைத்தான். 38 கேபி. விண்ணப்பம் போய்விட்டது. மூக்குத்தியும் தெரிந்ததாம்.

பையன் செய்ததுதான் விஷயமே. போட்டோகிராபர் கொடுக்கும் படம் 6000க்கு 4000, அதாவது இரண்டு கோடியே நாற்பது லட்சம் புள்ளிகள். கைபேசித் திரைக்கு 1200க்கு 800 இருந்தால் தாராளம். அது பத்து லட்சத்துக்கும் கீழே. அளவைச் சரியாக வெட்டினால் இருபத்தைந்தில் ஒரு பங்குதான் மிஞ்சும். ஸ்லைடரைத் தொடுவதற்கு முன்பே முக்கால்வாசிக்கு மேல் வேலை முடிந்துவிடுகிறது. கண்ணாயிரமும் இதைச் செய்யாமல் இல்லை. எல்லாப் படத்தையும் முதல் நிமிடத்திலேயே மொத்தமாக வெட்டிவிடுகிறார். ஆனால் அதில் சுகம் இல்லை. யார் வேண்டுமானாலும் செய்யக்கூடிய வேலை. அந்த ஒரு நிமிடம் வாடிக்கையாளருக்கு. மீதி மூன்று வாரம் அவர் தனக்காக வைத்துக்கொள்வது.

அவரை இப்படி ஒரேயடியாகக் கேலி செய்துவிடவும் முடியாது. பட்டுப்புடவை என்று வந்துவிட்டால் ஆள் வேறு. காஞ்சிபுரம் காந்தி ரோட்டுக் கடை ஒன்றுக்கு வேலை எடுத்திருந்தார். அரக்கு உடல், கிளிப்பச்சைக் கரை, கோர்வை போட்டது. உடலையும் கரையையும் தனித்தனி நிறத்தில் மூன்று நாடா ஓட்டி, கோடு பிசகாமல் கோத்து நெய்வதுதான் கோர்வை. ஜேபெக்குக்கு அந்த மரியாதை எல்லாம் தெரியாது. வெளிச்சத்தின் ஏற்ற இறக்கம்தான் மனிதக் கண்ணில் பளிச்சென்று படும், நிறத்தின் நுணுக்கம் அவ்வளவு படாது என்பது அதன் நம்பிக்கை. எனவே வழக்கமான அமைப்பில் நிறத்தை அகலத்தில் பாதி, உயரத்தில் பாதி, ஆக நாலில் ஒரு பங்காக்கி வைத்துக்கொள்கிறது. முகத்துக்கும் மலைக்கும் இது ஒத்துவரும். அரக்கும் பச்சையும் முட்டிக்கொள்ளும் இடத்தில் ஒத்துவராது. நெசவாளி பிரித்து வைத்த கோட்டில் அழுக்கு மாதிரி ஒரு கலங்கல் விழும். கண்ணாயிரம் அந்தக் கடைக்கு மட்டும், பெரிதாக்கிப் பார்க்கும் படங்களில் நிறத்தைக் குறைக்காமல் முழுசாக வைத்தார். ஃபைல் கனத்தது. அந்தக் கனம் நியாயமானது. தறியில் உட்கார்ந்தவர் பார்த்தால் கையெடுத்துக் கும்பிட்டிருப்பார்.

இது காலைக் கண்ணாயிரம். சாயங்காலம் ஆனால் இவருக்குள் இன்னொருவர் வந்துவிடுவார்.

அவருடைய தெய்வம் பேஜ்ஸ்பீடு. கூகுளின் அந்தக் கருவி ஒரு பக்கத்துக்கு நூற்றுக்கு மதிப்பெண் போடும். 49 வரை சிவப்பு, 89 வரை ஆரஞ்சு, 90 தொட்டால் பச்சை. பக்கத்தின் முக்கியமான பகுதி இரண்டரை நொடிக்குள் வந்துவிட வேண்டும் என்பது அவர்கள் விதி. பட்டுக்கடைக்கு 86 வந்தது. மறுபடி ஓட்டினார், 88. மறுபடி ஓட்டினார், 85. அந்த மதிப்பெண் ஓட்டத்துக்கு ஓட்டம் கொஞ்சம் ஆடும் என்பது அவருக்கே தெரியும். ஆனாலும் 89 வந்த ராத்திரி அவர் சாப்பிடவில்லை. காலையில் பத்து கேபிக்காகப் பட்டின் பக்கம் நின்று போராடியவர், ராத்திரி பதினொரு மணிக்கு அதே படங்களை 40க்கு இறக்கினார். போதவில்லை. கருவியில் 'மெட்டாடேட்டாவை நீக்கு' என்று ஒரு கட்டம் இருந்தது. அதிலும் டிக் போட்டார். 91. பச்சை! ஸ்கிரீன்ஷாட் எடுத்து முதலாளிக்கு அனுப்பி, ஸ்டேட்டஸிலும் வைத்துவிட்டுத் தூங்கினார்.

காலை ஏழரைக்கு முதலாளி போன்.

"தம்பி, சைட்டுல இருக்கறது நம்ம கடை அரக்குதானா?"

"ஆமாங்க சார்."

"செங்கல்லு மாதிரி இருக்கேப்பா. ஜரிகை என்னமோ பித்தளைப் பாத்திரம் மாதிரி அடிக்குது. சிங்கப்பூர்லேர்ந்து ஒரு அம்மா போன் பண்ணி, இது டெஸ்டட் ஜரிகையாங்கறாங்க."

டெஸ்டட் என்றால் அசல் வெள்ளி ஜரிகை அல்லாத போலி. காந்தி ரோட்டில் இதைவிடப் பெரிய வசவு கிடையாது.

நடந்தது இதுதான். போட்டோகிராபர் படத்தை அடோபி ஆர்ஜிபி என்ற விரிந்த நிறக் கணக்கில் எடுத்திருந்தார். அதை எப்படிப் படிக்க வேண்டும் என்று பிரவுசருக்குச் சொல்லும் சின்னக் குறிப்பு ஒன்று ஃபைலுக்குள்ளேயே இருக்கும். 'மெட்டாடேட்டாவை நீக்கு' என்றதும் அதுவும் போய்விட்டது. பிரவுசர் எல்லோருக்கும் போடும் சாதாரணக் கணக்கிலேயே படித்தது, நிறமெல்லாம் வெளுத்தது. அந்தக் குறிப்பின் எடை 560 பைட். கேபி கூட இல்லை, பைட். முழு அரக்கு நிறத்தையும் கண்ணாயிரம் 560 பைட்டுக்கு விற்றிருந்தார்.

படத்தையே அந்தச் சாதாரணக் கணக்கான எஸ்ஆர்ஜிபிக்கு மாற்றி, நல்ல எண்ணில் சேமித்து, மத்தியானத்துக்குள் சரிசெய்துவிட்டார். மதிப்பெண் 84க்கு இறங்கியது. முதலாளிக்கு 84உம் தெரியாது, 91உம் தெரியாது. அரக்கு வந்துவிட்டதா என்று மட்டும் கேட்டார்.

கண்ணாயிரத்தின் கோபத்தை முழுசாகப் பார்க்க வேண்டுமானால், ஒரு படத்தை வாட்ஸ்அப்பில் வாங்கி, அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, அந்த ஸ்கிரீன்ஷாட்டை இன்னொருவருக்கு ஃபார்வர்டு செய்து, அங்கிருந்து அவருக்கு அனுப்பி வையுங்கள். வழிநெடுகச் சுருங்கிச் சுருங்கி வந்த படத்தை 100இல் சேமித்தால் ஃபைல்தான் பெருக்கும், போன உயிர் திரும்பாது. "டாகுமெண்டா அனுப்புங்கன்னு எத்தனை தடவை சொல்றது?" என்று தலையில் அடித்துக்கொள்வார். எல்லோரும் சரி சரி என்பார்கள். அடுத்த படமும் அப்படியே வரும்.

அவருடைய உண்மையான எதிரி வேறு இடத்தில் இருக்கிறது. அதைப் பற்றி அவரால் வாயைத் திறக்க முடியாது. பட்டுக்கடை முகப்பில் கடைத் திறப்பு விழா வீடியோ ஓடுகிறது. ட்ரோனில் எடுத்தது. முதலாளியும் சம்பந்தியும் ரிப்பன் வெட்டுகிறார்கள், குத்துவிளக்கு ஏற்றுகிறார்கள், மேலிருந்து பூ விழுகிறது. பக்கம் திறந்த உடனே தானாக ஓட ஆரம்பிக்க வேண்டும் என்பது முதலாளியின் உத்தரவு. 22 எம்பி. முந்நூறு படங்களில் மூன்று வாரம் உட்கார்ந்து கண்ணாயிரம் மிச்சம் பிடித்த கேபிகள் மொத்தத்தையும் அந்த வீடியோ விளக்கு ஏற்றுவதற்குள் தின்றுவிடுகிறது. புடவை பார்க்க வந்த பெண் மதுரை பஸ்ஸில் ஒரு பாயிண்ட் சிக்னலை வைத்துக்கொண்டு சம்பந்தி பூ தூவி முடியும் வரை காத்திருக்கிறாள். இல்லை, காத்திருப்பதில்லை, பக்கத்துக் கடை சைட்டுக்குப் போய்விடுகிறாள்.

"சார், அந்த வீடியோவை மட்டும்..." என்று ஒருமுறை தொடங்கினார்.

"சம்பந்தி பாத்துட்டுதான் இருக்காருப்பா" என்றார் முதலாளி. பேச்சு அத்தோடு முடிந்தது. கண்ணாயிரம் மாடியேறி வந்து, புடவைப் படம் ஒன்றைத் திறந்து, 82இலிருந்து 80க்கு இறக்கினார்.

கடை வைத்திருக்கும் பெருமக்களுக்கு ஒரு விண்ணப்பம். உங்கள் கண்ணாயிரம் எண்ணை 82இல் வைத்தால் என்ன, 79இல் வைத்தால் என்ன, அது அவர் பாடு. பேசிய தொகையைக் கொடுத்துவிடுங்கள். அந்தத் திறப்பு விழா வீடியோவை மட்டும் தயவுசெய்து முகப்பிலிருந்து எடுத்துவிடுங்கள். சம்பந்திக்கு பென் டிரைவில் போட்டுத் தனியாகக் கொடுத்துக்கொள்ளலாம்.