மருமகன் மீன் தொட்டி வாங்கிட்டாரு

கேள்விப்பட்டேன் மருமகனே. தீபாவளி அட்வான்ஸ் கைக்கு வந்த அன்னைக்கே கொடகவெல டவுன்ல எறங்கி, ரெண்டடி கண்ணாடித் தொட்டி, ஓக்சிஜன் மோட்டார், நீலக் கலர் கல்லு, பிளாஸ்டிக் செடி, வாயத் தொறந்து மூடுற சிப்பி, எல்லாத்தையும் த்ரீவீல்ல ஏத்திக்கிட்டு வந்தியாமே. கூடவே பொலித்தீன் பேக்ல பதினஞ்சு மீனாம். கடை முதலாளி வாசல் வரைக்கும் வந்து வழியனுப்புனாராம். அனுப்பாம? அவரும் புள்ளைங்களுக்கு டியூஷன் காசு கட்டணும்ல.

தொட்டியையும் மீனையும் ஒரே நாள்ல வாங்குறது நல்ல பழக்கம். கடைக்கு நல்லது. பத்து நாளைக்குள்ள பாதி மீன் மல்லாக்க மெதக்கும். நீ மறுபடி போய் நிப்ப. அவரு ரொம்ப வருத்தப்பட்டு, தண்ணில ஊத்துற நீல மருந்து ஒரு போத்தலும் எட்டு மீனும் தருவாரு. இப்படியே பொங்கல் வரைக்கும் போவீங்க, அவரு ஒனக்கு மாமன் மொறை ஆயிருவாரு. அப்புறம் நான் எதுக்கு?

மீனு ஏன் செத்துச்சுன்னு கேட்டா ஒன் பொஞ்சாதி கண்ணூறும்பா. ஒங்கம்மா, செவ்வாக்கெழம கொண்டாந்ததும்பா. விசயம் அதுல்ல. மீனு செவுள் வழியா அமோனியாவ வெளியில விட்டுக்கிட்டே இருக்கும். தின்ன மிச்சம் அழுகுனாலும் அதேதான். ஓடையா இருந்தா தண்ணி அடிச்சுக்கிட்டுப் போயிரும். ஒன் தொட்டி ரெண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி ஒசரம். வாய் வரைக்கும் ஊத்துனாலும் 56 லீட்டர்தான். அதுக்குள்ளயே தின்னு, அதுக்குள்ளயே கழிச்சு, அதையே மூச்சும் விடணும். பத்துக்குப் பன்னெண்டு காம்பராவுல பொறந்து வளந்த ஒனக்கு இத நான் வெளக்கணுமா?

அமோனியாவத் தின்னு நைட்ரைட்டா ஆக்குற நுண்ணுயிர் ஒரு கூட்டம், அந்த நைட்ரைட்டத் தின்னு நைட்ரேட்டா ஆக்குறது இன்னொரு கூட்டம். மொத ரெண்டும் மீனுக்கு நஞ்சு. கடைசிது கொஞ்சம் சாதுவான சாமான். கிழமைக்கு ஒருக்கா கால்வாசித் தண்ணிய மாத்துனா அடங்கிக் கெடக்கும். இந்த ரெண்டு கூட்டமும் பில்டர் பஞ்சுலயும் கல்லுலயும் குடியேற நாலு கிழமை ஆகும், சிலநேரம் ஆறும் ஆகும். அது வரைக்கும் நீ வெறுந்தண்ணியத்தான் பாக்கணும். மோட்டார ஓட விட்டு, தெனம் ஒரு சிட்டிகை மீன்தீனி மட்டும் போடு. லயமே சிரிக்கும், சிரிக்கட்டும். காத்துக் கெடக்குறதுக்கு விலை போட முடியாதுல்ல, அதனாலதான் கடையில அதப் பத்தி மூச்சு விட மாட்டாங்க.

ஆனா நீதான் மீனோட வந்துட்டியே! ரெண்டு கப்பிய வச்சிக்கிட்டு மத்தத முதலாளிகிட்டயே திருப்பிக் குடு. வருசக்கணக்கா நல்லா வளக்கிற ஆள் யாராவது இருந்தா, அவன் பில்டர் பஞ்சுல ஒரு துண்டு வாங்கி ஒன் பில்டர்ல சொருகு, நாள் கொறையும். அந்தப் பஞ்ச பீலிக்கு மட்டும் அனுப்பிராத. ஒன் பொஞ்சாதி சவுக்காரம் போட்டுத் தேச்சு வெள்ளை வெளேர்னு கொண்டாருவா, குடியேறுன கூட்டம் பூராவும் கான்ல போயிரும். தொட்டியில இருந்து எறைச்ச பழைய தண்ணியிலயே ரெண்டு தரம் பிழிஞ்சு போட்டாப் போதும்.

தண்ணி விசயத்துல நம்மளுக்கு அதிர்ஷ்டம். பீலித் தண்ணில குளோரின் இல்ல. டவுன் குழாத் தண்ணின்னா ஒரு நாள் வாளியில தொறந்து வச்சிட்டுத்தான் ஊத்தணும். ஒரே ஒரு கொறை, நம்ம சப்ரகமுவ மலைத் தண்ணி மென்மையானது. கப்பிக்கு கொஞ்சம் கடினத் தண்ணிதான் ஒத்துக்கும். கடக்கரைக்குப் போனா ஒரு பிடி சிப்பி ஓடு பொறுக்கிட்டு வந்து அடியில போடு. நீலக் கல்ல புள்ளைங்க வெளயாட எடுத்துக்கட்டும். ஆத்து மணலோ சரளையோ நல்லா அலசிப் போடலாம். மாணிக்கக் குழிப் பக்கம் அள்ளிட்டு வந்து போடாத. அப்புறம் ஒன் வீட்டுக்கு வர்ற சனம் மீனப் பாக்காது, டோர்ச் அடிச்சு அடியில கெடக்குற கல்லத்தான் பாக்கும். இரத்தினபுரி மாவட்டத்துல குடியிருந்துக்கிட்டு அவங்களக் கொறை சொல்லவும் முடியாது.

கடை முதலாளி ஹீட்டரும் எடுத்துத் தர்றேன்னாராமே! இந்த மீனுக்கெல்லாம் 24ல இருந்து 28 டிகிரி வரைக்கும் வேணும். குளிர் நாட்டுக்காரன் அதுக்குத்தான் ஹீட்டர் போடுறான். லண்டன் மிருகக்காட்சிசாலையில 1853-ல மீன் மாளிகை தொறந்து சீமான்களும் சீமாட்டிகளும் கண்ணாடி வழியா வேடிக்கை பாத்தப்ப, நம்ம பாட்டன்மாரு இங்க கோப்பித் தோட்டத்துக்குக் கால்நடையா வந்துக்கிட்டு இருந்தாங்க. கொடகவெல வெயிலு நம்மளுக்கு இனாம். ஹீட்டர் காசுல புள்ளைங்களுக்குச் சப்பாத்து வாங்கு.

தொட்டிய டிவி ஸ்டேண்டு மேல வைக்கிற யோசனை பிரமாதம். தண்ணியும் கல்லுமா எழுபது கிலோவுக்கு வரும். டிவி, ஸ்டேண்டு, மீன் மூணையும் ஒரே சத்தத்துல முடிச்சிரலாம். அப்படி வேணாம்னு பட்டா, கனமான பலகை பெஞ்சு போட்டு, மட்டம் பாத்து, அடியில ரிஜிபோம் விரிச்சு வை. வெயில் விழுற ஜன்னலோரம் வச்சா பத்து நாள்ல தொட்டி பூராவும் பாசி. அடுப்பங்கரைப் பக்கமும் ஆகாது. ராத்திரி நுளம்புச் சுருள் கொளுத்துற காம்பராவுல அறவே ஆகாது. நுளம்பக் கொல்லுற மருந்து மீனையும் கொல்லும். அதுக்கும் மேல ஒன்னு. நீ மலையில மருந்தடிச்சிட்டு வந்து, மூஞ்சி கழுவுறதுக்கு முன்னாடியே முழங்கை வரைக்கும் தொட்டிக்குள்ள விட்டு சிப்பிய நேரா நிமித்தி வைக்கிற ஆளு. கண்ணூறு எங்கேருந்து வருதுன்னு அப்பப் புரியும்.

தீனியப் பத்தி ஒங்கம்மாகிட்ட நான் பேச முடியாது, எனக்கு அக்கா. வந்த விருந்தாளிய வயிறு முட்ட வச்சு அனுப்புற கை அது. ரொட்டித் துண்டு, மாரி பிஸ்கட், சோத்துப் பருக்கைன்னு விழுந்துக்கிட்டே இருக்கும். ரெண்டு நிமிசத்துல தின்னு முடிக்கிற அளவுதான் கணக்கு. தீனி டப்பாவ உத்தரத்து மேல வச்சிரு. நுளம்புப் புழு நல்ல தீனின்னு எவனாவது சொல்வான். நெசந்தான், கப்பிய இந்த நாட்டுக்குக் கொண்டாந்ததே அதுக்குத்தான். ஆனா அதுக்குன்னு வாளியில தண்ணி வச்சு புழு வளத்தியோ, பி.எச்.ஐ. மாத்தயா வந்து கேஸ் எழுதுவாரு. 2007ல அதுக்குன்னே சட்டம் போட்டிருக்கு.

மீனக் கொறைச்சு வைன்னு சொல்றதுக்கு இன்னொரு காரணம் கரண்ட். 2022ல நாளைக்கு 13 மணித்தியாலம் வெட்டுனாங்களே, மோட்டார் நின்ன தொட்டி என்னாச்சுன்னு வளத்தவங்களக் கேளு. கரண்ட் போனா ஒரு கோப்பையில தண்ணிய மோந்து ஒரு சாண் ஒசரத்துல இருந்து ஊத்து, திரும்ப மோந்து ஊத்து. பத்து மீனுன்னா புள்ளைங்க மாறி மாறி ஊத்தும். அம்பது மீனுன்னா லயமே பிரட்டுக்கு நிக்கணும்.

பைட்டர் ஆண் ரெண்ட ஒன்னா விடாத. ரெண்டு தொழிற்சங்கத் தலைவர ஒரே மேடையில ஒக்கார வச்ச கதையாயிரும். தங்கமீனு பெருசா வளரும், அசுத்தமும் கூட, குளிர்ந்த தண்ணி வேற கேக்கும். அது வேணாம். கப்பி போதும், மாசத்துக்கு ஒருக்கா குட்டி போடும், தள்ளி வச்சாலும் போடும். பொட்டைக்கு ஒருக்கா சேந்தாலே பல மாசத்துக்குத் தாங்கும்.

இன்னொன்னும் இருக்கு. வெள்ளைக்காரன் காசு குடுத்து வளக்கிற செரி பார்ப், நம்ம நாட்டு மீனு. களனி ஆத்துல இருந்து நில்வளை வரைக்கும் மரநெழல் விழுற ஓடையில கெடக்குறதுதான். சிங்களச் சனம் லே தித்தயா என்னும். புலத் ஹப்பயான்னு இன்னொன்னு. கல்யாணக் காலத்துல ஆணுக்குத் தலையும் முன்னொடம்பும் செவசெவன்னு ஆயிரும், வெத்தலை போடுற என் வாயே தோத்துப்போகும். ரெண்டும் மென்மையான தண்ணில வாழுறது. நம்ம பீலித் தண்ணிக்குக் கப்பியவிட இதுதான் பொருத்தம். அப்ப சிப்பி ஓடும் வேணாம். ஆனா வலையத் தூக்கிட்டு ஓடைக்குப் போயிராத. பண்ணையில பெருக்குனத கடையில கேட்டு வாங்கு. நம்ம மாகாணத்துலயே கேகாலை மாவட்டத்துல கலப்பிட்டமடப் பக்கம் ஒரு சின்ன ஓடையில மட்டும் இருந்த பந்துல பெதியாங்கிற மீனுக்கு 1991லதான் விஞ்ஞானிங்க பேரே வச்சாங்க. இன்னைக்கு அழிவோட விளிம்புல நிக்குது.

கடைசியா அந்த டேங்க் கிளீனர். கண்ணாடியில ஒட்டிக்கிட்டு பாசி திங்குதுன்னு புள்ளைங்க கைதட்டும். விரலளவுல வாங்குறது ஓரடிக்கு மேல வளரும். அப்ப நீ நல்ல மனசோட, புண்ணியமாப் போகட்டும்னு ஓடையில விடுவ. இப்படிப் புண்ணியம் தேடுனவங்களாலதான் அது நாட்டுக் குளத்துலயும் ஆத்துலயும் பெருகிக் கெடக்கு. கரையக் கொடஞ்சு வளை போடுது, முள்ளு மாட்டி மீன்காரன் வலை கிழியுது. அத வாங்காத. வாங்கியிருந்தா நாளைக்கே கடையில குடு, காசு திருப்பித் தரலன்னாலும் சண்டை போடாம வா. தொட்டி மீனு எதையும் ஓடையில விட்டுறாத மருமகனே, கப்பியக் கூட.