கடன் தீர்ந்தாச்சு... லிமிட்டை என்ன செய்வது?

கிரெடிட் கார்டு கடனைக் கட்டி முடித்தவர்கள் இந்த மாதம் வரிசையாகக் கேள்வி அனுப்பியிருக்கிறார்கள். அத்தனை பேருக்கும் முதலில் ஒரு சபாஷ். இனி பதில்கள்.

ஒன்றே முக்கால் லட்சம் ரூபாய் கார்டு கடனைச் சிறுகச் சிறுகக் கட்டி முடித்துவிட்டேன். லிமிட் மூன்று லட்சம். அதைக் குறைத்துவிடலாம் என்கிறேன் நான். 'அது பாட்டுக்குக் கிடந்துவிட்டுப் போகட்டுமே' என்கிறார் கணவர். யார் சொல்வது சரி?
– வாசகி, திருப்பூர்

நீங்கள் சொல்வதுதான். மூன்று லட்சம் என்பது உங்களிடமிருந்து எவ்வளவு வசூலாகும் என்று வங்கி போட்ட கணக்கு. வீட்டுக்கு எவ்வளவு போதும் என்பது நீங்கள் போட வேண்டிய கணக்கு. உங்கள் வீட்டு வாடகையும் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணமும் இந்த இரண்டாவது கணக்கில்தான் வரும். கடன் தீர்ந்த மறுமாதம் மிகவும் உஷாராக இருக்க வேண்டிய மாதம். கையில் காசு மிஞ்சும், மனசில் தெம்பு மிஞ்சும், போதாக்குறைக்கு ஆடித் தள்ளுபடியும் வந்து நிற்கும். அந்த நேரத்தில் மனஉறுதியை மட்டும் நம்பாமல், மூன்று லட்சத்தை ஒரு லட்சமாக்கிவிடுங்கள். உங்கள் கணவர் 'கிடக்கட்டும்' என்கிற அதே லிமிட்டிலிருந்துதான் அந்த ஒன்றே முக்கால் லட்சமும் போனது.

லிமிட்டைக் குறைத்தால் சிபில் ஸ்கோர் விழும் என்கிறார்களே?
– வாசகர், சேலம்

கண்ணை மூடிக்கொண்டு குறைத்தால் விழலாம். கணக்குப் போட்டுக் குறைத்தால் பயமில்லை. 300-லிருந்து 900 வரை போகும் அந்த ஸ்கோரில், லிமிட்டில் எத்தனை சதவீதத்தைப் பயன்படுத்துகிறீர்கள் என்பதும் ஒரு அம்சம். மாதம் 25,000 ரூபாய் கார்டில் செலவு செய்கிறீர்கள் என்று வையுங்கள். லிமிட் மூன்று லட்சமாக இருந்தால் பயன்பாடு 8 சதவீதம். அதையே 50,000 ஆக்கினால் 50 சதவீதம். பார்க்கிறவர்களுக்கு நீங்கள் பணத்துக்குத் திண்டாடுவது போலத் தெரியும். ஒரு லட்சத்தில் நிறுத்தினால் 25 சதவீதம். முப்பதுக்குள் இருப்பது நல்லது என்பது பொதுவான வழக்கம். ஆகவே, கார்டில் ஆகும் மாதச் செலவைப் போல நான்கு மடங்கு லிமிட் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக் கடனுக்கு விண்ணப்பித்துக் காத்திருக்கிறீர்கள் என்றால், அது கைக்கு வரும்வரை லிமிட்டில் கை வைக்க வேண்டாம்.

மொத்தப் பாக்கி 60,000 ரூபாயையும் கட்டிவிட்டேன். அடுத்த பில்லில் 1,200 ரூபாய் சொச்சம் வட்டி! தீர்ந்த கடனுக்கு ஏது வட்டி?
– வாசகர், ஈரோடு

அது நீங்கள் பணம் கட்டிய நாள் வரைக்குமான வட்டி. போன மாதப் பாக்கியை இழுத்துக்கொண்டு வருகிறவர்களுக்கு வட்டியில்லாத நாட்கள் என்ற சலுகை கிடையாது. வட்டி நாள்தோறும் ஏறும். பில் போட்ட பதினைந்தாம் நாள் நீங்கள் கட்டியிருந்தால், மாதம் 3.5 சதவீத வட்டியில் அந்தப் பதினைந்து நாளுக்கு ஆயிரம் ரூபாய்க்கு மேல் ஆகும். அதற்கு மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. ஆகவே 'முழுசாகக் கட்டிவிட்டேன்' என்று அந்த பில்லைப் பார்க்காமல் விட்டுவிடாதீர்கள். விட்டால் தாமதக் கட்டணமும் வந்து சேரும். அடுத்தடுத்து இரண்டு பில்களில் பாக்கி பூஜ்யம் என்று வந்த பிறகு லிமிட்டைக் குறைக்கக் கேளுங்கள்.

குறைக்கச் சொல்லி போன் செய்தால், 'சார், உங்களுக்காக ஸ்பெஷலாகக் கொடுத்த லிமிட்' என்று உருகுகிறார்கள். என்ன சொல்வது?
– வாசகர், மதுரை

போனில் பேசினால் உருகத்தான் செய்வார்கள், எழுதிக் கேளுங்கள். சில வங்கிகளின் ஆப்பிலேயே இதற்கு வசதி உண்டு. இல்லையென்றால் இப்படி ஒரு மின்னஞ்சல் போதும்: 'என் கார்டின் கடன் வரம்பை ரூ.3,00,000-லிருந்து ரூ.1,00,000 ஆக நிரந்தரமாகக் குறைக்கவும். குறைத்ததை எழுத்தில் உறுதி செய்யவும். என் சம்மதம் இல்லாமல் மறுபடி உயர்த்த வேண்டாம்.' கார்டின் கடைசி நான்கு எண்கள் மட்டும் போதும், முழு எண்ணை எழுத வேண்டாம். புகார் கொடுத்தும் 30 நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம்; விவரம் கேட்க 14448.

அதுவரை இன்றிரவே ஒன்று செய்யலாம். ஆன்லைன், வெளிநாடு, தட்டிப் பணம் செலுத்துவது என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாக அணைக்கவும், வரம்பு வைக்கவும் வசதி தர வேண்டும் என்று 2020-லேயே ரிசர்வ் வங்கி உத்தரவிட்டிருக்கிறது. ஆனால் நீங்கள் ஆப்பில் வைத்த வரம்பை ராத்திரி பதினொரு மணிக்கு நீங்களே ஏற்றிக்கொள்ளலாம். வங்கி குறைத்த லிமிட்டை அப்படி ஏற்ற முடியாது. ஆகவே மின்னஞ்சலையும் விடாதீர்கள்.

இவ்வளவு எதற்கு? கார்டையே ரத்து செய்துவிட்டால்?
– வாசகி, நாகர்கோவில்

மூன்று நான்கு கார்டு இருந்தால் தாராளமாகச் செய்யுங்கள், முக்கியமாக ஆண்டுக் கட்டணம் பிடுங்குபவற்றை. ஒரே கார்டு, அதுவும் பல வருஷப் பழக்கம் என்றால் லிமிட்டைக் குறைத்துவிட்டு வைத்துக்கொள்ளலாம். ஒழுங்காகக் கட்டிய நீண்ட வரலாறு ஸ்கோருக்கு நல்லது. ஆனால் கார்டு இருந்தாலே கை அரிக்கிறது என்றால் ஸ்கோரை விட நிம்மதி பெரிது, ரத்தே செய்யுங்கள். பாக்கி இல்லாத பட்சத்தில் ஏழு வேலை நாட்களுக்குள் ரத்து செய்தாக வேண்டும், தவறினால் தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 500 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி 2022-ல் வகுத்த விதி. கேட்பதற்கு முன்னால் ரிவார்டு பாயிண்டுகளைப் பயன்படுத்திவிடுங்கள்.

கார்டை பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டேன். போதாதா?
– வாசகர், தஞ்சாவூர்

ரூபே கார்டு என்றால் அது யு.பி.ஐ.யில் ஏறி டீக்கடை க்யூ.ஆர். வரைக்கும் வந்துவிடும், பீரோவுக்குத் தெரியாமல்! ஷாப்பிங் ஆப்களில் சேமித்து வைத்திருப்பதையும் யு.பி.ஐ. இணைப்பையும் நீக்குங்கள். பூட்ட வேண்டிய இடம் அதுதான்.

'வாழ்த்துகள்! உங்கள் லிமிட்டை ஐந்து லட்சமாக்கலாம்' என்று செய்தி வந்திருக்கிறது. பேசாமல் இருந்தால் அவர்களே ஏற்றிவிடுவார்களா?
– வாசகர், தாம்பரம்

கூடாது. உங்கள் வெளிப்படையான சம்மதம் இல்லாமல் லிமிட்டை ஏற்ற விதி இடம் தரவில்லை. ஆனால் சம்மதம் என்பது ஒரே ஒரு பொத்தானாக இருக்கும். ஏதோ பரிசு என்று நினைத்துத் தட்டிவிடாதீர்கள். 'வேண்டாம்' என்று சொல்ல வெட்கப்படவும் வேண்டாம். ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்றார்கள். கார்டில் போடுவதற்கு அளவு வேண்டாமா?

ஆத்திர அவசரத்துக்கு, ஓர் ஆஸ்பத்திரிச் செலவுக்கு, பெரிய லிமிட் இருந்தால் நல்லதுதானே? நான் மாதம் 9,000 கட்டிக் கடனை அடைத்தவன்.
– வாசகர், கோயம்புத்தூர்

அவசரத்துக்குக் கார்டை நீட்டலாம். அதை உடனே அடைக்க வழி வேண்டும். ஒரு லட்சம் ரூபாய் பில்லைக் கார்டில் கட்டிவிட்டு, 'குறைந்தபட்சத் தொகை' என்று 5 சதவீதம், அதாவது 5,000 ரூபாய் கட்டுகிறீர்கள் என்று வையுங்கள். 3.5 சதவீதத்தில் ஒரு மாத வட்டி 3,500, அதன்மேல் ஜி.எஸ்.டி. 630. அசலில் கழிவது வெறும் 870 ரூபாய்! பெரிய லிமிட்டை மட்டும் நம்பினால் நோய் குணமான பிறகும் பில் குணமாகாது.

உங்களிடம் அதைவிட நல்ல வழி இருக்கிறது. மாதம் 9,000 கட்டிப் பழகியவர் நீங்கள். அதே தேதியில், அதே தொகையை ஒரு ஆர்.டி.யில் போடுங்கள். ஒரு வருஷத்தில் வட்டி இல்லாமலே 1,08,000 சேரும். கூடவே குடும்பத்துக்கு ஒரு மருத்துவக் காப்பீடு எடுத்துவிடுங்கள். பணம் சேரும்வரை லிமிட்டை அடியோடு வெட்ட வேண்டாம். நான்கு மடங்குக் கணக்கில் நிறுத்துங்கள். வங்கிக்கு மாதம் தவறாமல் ஒன்பதாயிரம் கட்டிய உங்களால், உங்களுக்கே கட்டிக்கொள்ள முடியாதா என்ன? இந்த மாதமே ஆரம்பியுங்கள்.