எறும்புக்குத் தங்கம் பூசுகிறேன், மாமா

பெர்லின்,
ஜூன் 14

அன்புள்ள மாமாவுக்கு,

அத்தை, பாப்பா, சினைப்பசு எல்லோரும் நலம்தானே? மேட்டூர் அணையைத் திறந்துவிட்டார்கள் என்று அம்மா போனில் சொன்னாள். தண்ணீர் நம் வாய்க்காலுக்கு வந்து சேர்வதற்குள் இந்தக் கடிதம் வந்துவிடும்.

"அங்கே அப்படி என்னதான்டா வேலை?" என்று போன தடவை கேட்டீர்கள். பல்கலைக்கழகத்தில் எலக்ட்ரான் நுண்ணோக்கிகளைப் பார்த்துக்கொள்கிற வேலை. வெளிச்சத்துக்குப் பதில் எலக்ட்ரான்களைப் பாய்ச்சிப் படம் பிடிக்கும் கருவி அது. இங்குள்ள ஒன்றுக்கு 2 லட்சம் வோல்ட். நம் பம்புசெட்டுக்கு 440தான். அதற்காக மோட்டார் நின்றால் எனக்குப் போன் போடாதீர்கள். ஃபியூஸ் கட்டக்கூட எனக்குத் தெரியாது.

கருவிக்கு உள்ள பிகுவைப் பார்த்தால் தலைதீபாவளிக்கு வந்த மாப்பிள்ளை தோற்றார். அறைச் சூடு ஏறி இறங்கக் கூடாது. பக்கத்தில் லிஃப்ட் ஓடினால் படம் நடுங்கும். உரக்கப் பேசினாலும் ஆகாது. உள்ளே காற்று இருந்தால் எலக்ட்ரான் அதில் மோதிச் சிதறிவிடும், அதனால் காற்றையெல்லாம் உறிஞ்சியெடுத்துவிட வேண்டும். ஈரம் அறவே கூடாது. போன வாரம் ஒரு மாணவர் சொட்டச் சொட்ட ஓர் இலையோடு வந்து, "பத்தே நிமிஷம்" என்றார். பக்குவமாக உலர்த்தவே ஒரு நாள் ஆகும் என்றேன். பந்தியில் இலை போட்டுவிட்டு எழுப்பியதுபோல முறைத்தார்.

இன்னொன்று, அத்தையிடம் பார்த்துச் சொல்லுங்கள். மின்சாரம் கடத்தாத பொருளில் எலக்ட்ரான் தேங்கிப் படம் வெளுத்துவிடும் என்பதால், எறும்பானாலும் தங்கம் பூசித்தான் உள்ளே அனுப்புவோம். இன்னொரு வகைக் கருவிக்கு வைரக் கத்தியால் மெல்லிசாகச் சீவித் தர வேண்டும். தங்கம், வைரம் என்று கேட்டதும் அத்தை என் சம்பளத்தைத் தப்பாகக் கணக்குப் போட்டுவிடப் போகிறார். பூசும் தங்கம் தலைமயிரின் தடிமனில் பல ஆயிரத்தில் ஒரு பங்குதான்.

இந்தக் கருவிக்குத் தாய்வீடே இந்த ஊர்தான். 1931-இல் எர்ன்ஸ்ட் ருஸ்காவும் மாக்ஸ் நோலும் முதல் கருவியை இங்கேதான் கட்டினார்கள். ருஸ்காவுக்கு நோபல் பரிசு வந்தது 1986-இல். அதற்குள் நோல் காலமாகிவிட்டார். பென்ஷன் ஃபைல் நம் ஊரில்தான் மெதுவாக நகரும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் வேலை ஓய்ந்ததும், ஊரிலிருந்து கொண்டுவந்த அரிசியில் கிடந்த ஓர் உமியை உள்ளே வைத்துப் பார்த்தேன். மேடு மேடாக வரிசைகள், ஒவ்வொரு மேட்டிலும் முனைகள். அந்த மேடுகளில்தான் சிலிக்கா குவிந்திருக்கிறது. ஆற்று மணலிலும் கண்ணாடியிலும் இருப்பது அதே சரக்கு. நெல் தாளிலும் அது உண்டு. அறுப்பு நாளில் உங்கள் முழங்கையெல்லாம் கீறல் விழுவது சும்மாவா? உமியை எரித்தால் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு சாம்பல் மிஞ்சும், அதில் பெரும்பகுதி சிலிக்கா. தாத்தா உமிக்கரியால் தேய்த்துத்தான் பல்லை வெள்ளையாக வைத்திருந்தார். பல்லையே கொஞ்சம் அராவித்தான் அது வெள்ளையாக்கியிருக்கிறது!

தாமரை இலையில் தண்ணீர் ஏன் ஒட்டுவதில்லை என்பதை பான் நகரத் தாவரவியலாளர் வில்ஹெல்ம் பார்த்லாட் விளக்கியதும் இந்தக் கருவியை வைத்துத்தான். கண்ணுக்குத் தெரியாத மேடுகள், அவற்றின்மேல் மெழுகு. நெல் இலையிலும் அதே ஏற்பாடு. ஆனால் மேடுகள் வரிசை கட்டி நிற்பதால், துளி குறுக்கே போவதைவிட நீளவாக்கில் சுலபமாக உருளும். மார்கழிப் பனியில் வரப்பில் நடக்கிற உங்களுக்கு இது புதுச் செய்தியா? உருளுவதை நீங்கள் பார்த்தாயிற்று. ஏன் உருளுகிறது என்பதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

"இதே கருவி நம் ஊர்ப் பக்கம் திருமலைசமுத்திரத்தில் சாஸ்த்ரா பல்கலைக்கழகத்திலேயே இருக்கிறதே, அதற்கு எதற்கு பெர்லின்?" என்பீர்கள். தயவுசெய்து அம்மா காதுபட இதைக் கேட்டுவிடாதீர்கள்.

எலக்ட்ரான் படத்தில் நிறம் வராது, கறுப்பு வெள்ளைதான். அப்படி எடுத்த எறும்பின் முகத்தை அம்மாவுக்கு அனுப்பினேன். திருஷ்டிப் படமாக வாசலில் மாட்டிவிட்டாளாம். எதிர்வீட்டிலும் ஒன்று கேட்கிறார்களாம். அடுத்து உங்களுக்குப் புகையான் பூச்சியின் முகத்தை அனுப்புகிறேன், வயலில் கட்டிப் பாருங்கள். தன் முகத்தை அத்தனை பெரிதாகப் பார்த்தால் பூச்சியே பயந்து ஓடலாம். ஓடாவிட்டால் வேளாண்மை ஆபீசரைக் கேளுங்கள். நான் படம் எடுப்பவன் மட்டும்தான்.

அன்புடன்,
உங்கள் மருமகன்